வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்: டெல்டாப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

டெல்டா கிராமங்களில் பிள்ளைகள் வண்டி பழகுவது பெரும்பாலும் டிரைவிங் ஸ்கூலில் இல்லை. வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோக, பால் சொசைட்டிக்குக் கேன் எடுத்துப்போக, உரக்கடையிலிருந்து ஒரு மூட்டை யூரியா ஏற்றிவர என்று ஏதாவது ஒரு வீட்டு வேலையில்தான் ஆரம்பிக்கிறது. "பக்கத்துலதானே, எக்ஸ்எல்ல எடுத்துக்கிட்டுப் போய்ட்டு வாடா." பதிமூன்று வயதில் இதைக் கேட்கும் பிள்ளை, போலீஸ் நிற்காத ரோட்டில் சட்டமும் இல்லை என்று சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அதே அப்பா பதினெட்டு வயதில் ஹெல்மெட்டை நீட்டினால் அது காதில் ஏறாது. அதனால் இந்த வழிகாட்டி கிளட்சிலிருந்து ஆரம்பிக்கவில்லை. பதிமூன்று வயதிலிருந்து ஆரம்பிக்கிறது.

முதலில் சட்டம், சுருக்கமாக

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத இரு சக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது போதும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இங்கேதான் ஊர் முழுக்க ஒரு தவறான நம்பிக்கை ஓடுகிறது: "எக்ஸ்எல்லுக்கு, ஸ்கூட்டிக்கெல்லாம் லைசென்ஸ் வேணாம்." எக்ஸ்எல் 100-இன் இன்ஜின் 99.7 சிசி. ஸ்கூட்டி பெப் 87.8 சிசி. இரண்டுமே 50-ஐத் தாண்டியவை. லைசென்ஸ் தேவைப்படாதது வேகம் 25 கி.மீ.க்குள்ளும் மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் அடங்கும் பேட்டரி ஸ்கூட்டர் மட்டும்தான். கடையில் அதன் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும்.

2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பொறுப்பு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மேல் விழும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) கிடைக்காது. பிள்ளைகளுக்கு உறைப்பது இந்தக் கடைசி வரிதான். அப்பாவுக்கு உறைக்க வேண்டியது வேறு: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவருக்கு அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பதுண்டு. ஒரு மா நிலம் விற்றாலும் அடையாத கடனாக அது மாறலாம்.

13 முதல் 15 வரை: பின்சீட்டுப் பாடம்

பிள்ளை ஓட்டப்போகும் விதம் நீங்கள் ஓட்டும் விதம்தான். பின்னால் உட்கார்ந்து பத்து வருடம் பார்த்ததைப் பத்து நிமிட அறிவுரை மாற்றாது. ஆகவே பாடம் உங்கள் கையில் இருக்கும் ஹேண்டில்பாரில் தொடங்குகிறது. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, புறவழிச்சாலை வந்ததும் தலையில் மாட்டுகிற பழக்கத்தை இன்றே விடுங்கள். சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட யாருக்கும், பின்னால் உட்கார்ந்தாலும், ஹெல்மெட் கட்டாயம். பிள்ளைக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள். புருவத்துக்கு மேல் தலையைச் சுற்றி இன்ச் டேப்பால் அளந்து, 57–58 செ.மீ. என்றால் எம், 59–60 என்றால் எல் என்று எடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பக்கவாட்டில் அசைத்தால் கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரியது. தாடை வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். வாரைப் பூட்டாவிட்டால், விழும்போது முதலில் பறந்துபோவது ஹெல்மெட்தான்.

பின்சீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். "எதிர்ல என்ன வரலாம்னு எனக்கு முன்னாடி நீ சொல்லு" என்று கேளுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற அரை மணி நேரத்தில் அவன் பத்து விஷயம் சொல்வான்: ஆட்டோ திரும்பப் போகுது, நாய் நடுவுல நிக்குது, பஸ் நின்னா முன்னாலிருந்து யாராவது குறுக்க ஓடுவாங்க. நான்கு வாரத்தில் அவன் கண் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் துழாவ ஆரம்பிக்கும். வண்டி ஓட்டுவதில் கடினமானது இந்தப் பார்வைதான். கிளட்ச் ஒரு மாலையில் பழகிவிடும்.

சைக்கிளை வீணாக்காதீர்கள்

பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியைப் பல வீடுகளில் திண்ணையோரம் சாத்திவிடுகிறார்கள். மோட்டார் இல்லாத வண்டியில் ரோட்டு நடத்தையைப் பழக இதைவிட நல்ல கருவி கிடையாது. திரும்புமுன் பின்னால் பார்ப்பது, கை காட்டுவது, லாரி வரும்போது தன் கோட்டில் நிலையாகப் போவது, இரட்டைச் சக்கரத் தடத்தை விட்டு ஒதுங்குவது எல்லாவற்றையும் இதில் பழகலாம். கவனிக்க வேண்டியது ஒன்று. தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிளும் அந்தப் பக்கம் சாய்ந்துபோகும். ஒரு கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே பின்னால் நீங்கள் காட்டும் விரல்கள் எத்தனை என்று சொல்ல வைத்தால் ஒரே வாரத்தில் இது சரியாகும். சைக்கிளில் திரும்பிப் பார்க்கப் பழகாதவன் பைக்கில் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டான்.

உலர்களத்தில் ஒரு மாலை

வேகம் என்றால் என்ன என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, காலால் நடக்க வைக்க வேண்டும். நெல் இல்லாத நாளில் சிமெண்ட் உலர்களத்துக்கோ பள்ளி மைதானத்துக்கோ அழைத்துப் போங்கள். வண்டி தேவையில்லை.

ஒரு கோட்டைக் கீறி, "இந்த இடத்துல ஆடு குறுக்க வந்ததைப் பார்த்துட்ட. 60-ல வர்ற. வண்டி எங்க நிக்கும்?" என்று கேளுங்கள். அவன் நினைக்கும் இடத்தில் தன் செருப்பைக் கழற்றி வைக்கட்டும். பெரும்பாலும் செருப்பு 15 மீட்டருக்குள்ளேயே கிடக்கும். அப்புறம் கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் போகிறோம். பார்த்து, புரிந்து, கை பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகும். அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும், பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை. நல்ல டயரோடு காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 28 மீட்டர். மொத்தம் 53. ஈர ரோட்டில் 70-ஐத் தாண்டும். செருப்பு கிடக்கும் இடத்தைக் கடந்து 53 வரை அவனை நடக்கச் சொல்லுங்கள். பாதி வழியில் திரும்பிப் பார்ப்பான். அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். 40 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 29 மீட்டரில் முடிகிறது என்பதையும் ஒரு கல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

ஓவர்டேக்குக்கும் இப்படியே. 40-ல் போகும் பஸ்ஸை 60-ல் முந்த, பஸ்ஸின் நீளம், முன்னும் பின்னும் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 6 நொடி ஆகும். அதில் நீங்கள் நூறு மீட்டர் போவீர்கள், எதிரே 60-ல் வருபவரும் நூறு மீட்டர் வருவார். ஆக, வெறிச்சென்று இருக்க வேண்டிய ரோடு 200 மீட்டர். மின்கம்பங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று காலால் அளந்துகொண்டால், 200 மீட்டருக்கு எத்தனை கம்பம் என்று கண் தானாக எண்ணும். கம்பம் போதவில்லையென்றால் பஸ்ஸின் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

18 ஆனதும்: எல்எல்ஆர்

புரோக்கரிடம் கொடுத்து "எட்டு போடாமலே" வாங்கித் தருவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பிள்ளைக்கு அதைவிட மோசமான முதல் பாடம் இல்லை. எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம், ஆனால் முப்பதாம் நாளே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எல் ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் உட்கார லைசென்ஸ் வைத்திருந்து சொல்லிக்கொடுப்பவருக்கு மட்டுமே அனுமதி. தங்கையையோ தோழனையோ ஏற்றக் கூடாது.

எட்டு போடத் தெரிந்தால் மெதுவாக ஓட்டும்போது சாயாமல் இருக்கத் தெரிகிறது என்று மட்டும் அர்த்தம். பிரேக்கைத் தனியாகப் பழக வேண்டும். பலருக்குச் சிறு வயதிலேயே "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சுடும்" என்று சொல்லிவைத்துவிட்டார்கள், அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதித்து வழுக்கி விழுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பயிற்சி இப்படி:

1. மைதானத்தில் 20 கி.மீ.க்கு வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதல் அரை நொடி மெதுவாகவும் பிறகு இறுக்கமாகவும் பிடிக்கட்டும். வண்டி நேராக இருக்கும்போது மட்டும். பத்து முறை.
2. அடுத்து 30, பிறகு 40. ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு. ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, பிரேக்கைத் தொட்ட இடத்துக்குக் கோடு கிட்டே வந்துகொண்டே இருக்க வேண்டும்.
3. பின் சக்கரம் வழுக்கினால் பின் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தவும். முன் சக்கரம் வழுக்கினால் உடனே விட்டு மறுபடி பிடிக்கவும்.
4. கடைசியாக நீங்கள் எதிர்பாராமல் கை தட்டும்போது நிறுத்துவது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் அல்லது சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கும், 125-க்கு மேல் ஏபிஎஸ் இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டும் இல்லை, ஆகவே எந்த வண்டியில் பழகுகிறானோ அதையே ஓட்டட்டும்.

சாவியை எடுக்கும் முன் ஒரு நிமிடச் சோதனையும் பழக்கமாக வேண்டும்: டயர் காற்று (வண்டிக் கையேட்டில் உள்ள அளவு, தனியாகவும் பின்னால் ஆளோடும் வேறுபடும்), பிரேக் லீவர், பின் பிரேக் லைட், செயின் தொய்வு, கண்ணாடி, சைட் ஸ்டாண்ட். கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டு ஓட்டுவது இங்கே ஒரு ஸ்டைல். அதை மட்டும் நாங்கள் பேரம் பேசுவதில்லை. கண்ணாடி இல்லாத வண்டியின் சாவி ஆணியிலேயே தொங்கட்டும். துப்பட்டா போடும் பெண்பிள்ளை முனையைப் பின்னால் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், சக்கரத்தில் சிக்கினால் கழுத்தைத்தான் இழுக்கும்.

நம் ஊர் ரோடு

எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத ஆபத்துகள் இங்கே உண்டு. பிள்ளையோடு ஒரு முறையாவது அந்தந்த இடத்தில் நின்று காட்டுங்கள்.

*ஆற்றங்கரை, வாய்க்கால் கரை.* வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, கல்லணைக் கால்வாய் என்று எங்கு பார்த்தாலும் கரைமேல் ரோடு, பக்கத்தில் தண்ணீர். ஒரு பஸ் வந்தால் பைக் ஒதுங்க இடமிருக்காது. மழையில் கரை ஓரத்து மண் குழைந்திருக்கும். சக்கரம் தாரிலிருந்து கீழே இறங்கிவிட்டால் உடனே வெடுக்கென்று மேலே ஏற்றக் கூடாது. டயர் தார் விளிம்பில் இடித்து வண்டி குறுக்கே பாயும். ஆக்சிலேட்டரைக் குறைத்து, நேராகவே பிடித்து, மெல்ல நின்று, பிறகு அகலமான கோணத்தில் ஏற வேண்டும். குறுகிய பாலங்கள் மேடாக இருப்பதால் மறுபக்கம் தெரியாது. ஹார்ன் அடித்தபடி பாய்வதைவிட, பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, எதிரே பெரிய வண்டி தெரிந்தால் நின்றுவிடுவது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணைத் தண்ணீர் வந்துவிட்டால் கரையில் குளிக்கவும் வேடிக்கை பார்க்கவும் கூட்டம் சேரும், குழந்தைகள் ரோட்டில் ஓடுவார்கள்.

*ரோட்டில் நெல்.* குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபர். சம்பா அறுப்பு ஜனவரி, பிப்ரவரி. இந்த மாதங்களில் பாதி ரோட்டில் நெல் காயும். நெல்மணி டயருக்குக் கீழே பாசிமணி போல உருளும், அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரத்துக்குப் பிடிமானமே இருக்காது. நெல்லைப் பார்த்ததும், அதன்மேல் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் சாயாமல், திருப்பாமல், பிரேக் தொடாமல் போய்விட வேண்டும். நெல் இல்லாத பக்கம் எதிரே வருபவருக்கும் அதே ஒற்றை வழி என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்று: நெல்லைக் காக்க விளிம்பில் வைத்த கருங்கல்லும் மண்மூட்டையும் சாயங்காலம் நெல்லை அள்ளிய பிறகும் அங்கேயே கிடக்கும். பகலில் அடையாளம் காட்டிய கல், இரவில் ஆளைக் கவிழ்க்கும். நெல் காயவைக்கும் குடும்பம் உங்களுடையதென்றால், கல்லை எடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

*டிராக்டர், அறுப்பு மெஷின்.* டிரெய்லருக்குப் பின்விளக்கு எரியாது, எரிந்தாலும் வைக்கோல் மறைத்திருக்கும். வயலிலிருந்து ஏறிய டிராக்டர் டயர் களிமண்ணை இருபது, முப்பது மீட்டருக்கு ரோட்டில் பூசிவிட்டுப் போகும். மழைத் தூறலில் அது சோப்பு. வயல் வழி ரோட்டில் சேரும் இடத்தைப் பார்த்தால் அங்கே மண் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவில் கணக்கு இதுதான்: லோ பீம் தெளிவாகக் காட்டும் தூரத்தை வீட்டு வாசலில் நிறுத்தி அளந்து பாருங்கள். 30 மீட்டர்தான் தெரிகிறதென்றால், 29 மீட்டரில் நிற்கும் 40 கி.மீ. வேகமே அந்த வண்டிக்கு இரவின் எல்லை. முன்னால் விளக்கில்லாத டிரெய்லர் நிற்கலாம் என்ற நினைப்போடு ஓட்ட வேண்டும்.

*பூச்சி, பனி, வாத்து.* சம்பா பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வரும் பச்சைத் தத்துப்பூச்சிகள் கண்ணில் விழும். கண்ணைக் கசக்கும் இரண்டு நொடியில் 40 கி.மீ. வேகத்திலேயே 22 மீட்டர் போய்விடும், அதனால் முகக் கண்ணாடி உள்ள ஹெல்மெட் இங்கே ஆடம்பரம் இல்லை. அந்தக் கண்ணாடி வெள்ளையாக இருக்கட்டும், கறுப்பு வேண்டாம். மார்கழிக் காலையில் வயல் பக்கம் பனி இறங்கினால் ஹைபீம் போடக் கூடாது, வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி எதிரே சுவர் எழுப்பிவிடும். அறுப்பு முடிந்த வயலில் மேய்ச்சலுக்கு ஓட்டிவரும் வாத்துக்கூட்டமோ கிடை ஆடோ ரோட்டைக் கடந்தால், ஹார்ன் அடிக்காமல் நின்று கடைசி வாத்து போகும் வரை காத்திருக்க வேண்டும். பின்தங்கிய ஒன்று எப்போதும் உண்டு.

*வேளாங்கண்ணிக்கு நடந்து வருபவர்கள்.* ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டிய நாட்களில் நாகப்பட்டினம் நோக்கிய ரோடுகளில் இரவும் விடியற்காலையும் சாரி சாரியாக நடப்பார்கள். அந்த நாட்களில் புதிதாக ஓட்டுபவர்கள் இருட்டில் அந்த ரோட்டுக்குப் போகவே வேண்டாம்.

மாப்ள, வாடா ஒரு ரவுண்டு

பதின்ம வயதில் பலருக்கு ஆபத்து வருவது தனியாக ஓட்டும்போது இல்லை, பின்னால் ஒரு நண்பன் ஏறியதும்தான். காணும் பொங்கல், கோயில் திருவிழா, கிரிக்கெட் மேட்ச், காதுகுத்து: மூன்று பேர் ஒரு வண்டியில் ஏறுவது இந்த நாட்களில்தான். "வேண்டாம்னு சொல்லு" என்று சொல்வது எளிது. எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. பிள்ளைக்கு மானம் போகாத வாக்கியங்கள் வேண்டும், அவற்றை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்.

"எங்கப்பா கிலோமீட்டர் பார்ப்பாருடா, வண்டிய எடுத்தா செத்தேன்." பழியை உங்கள் மேல் போட அனுமதி கொடுங்கள். உண்மையிலேயே கிலோமீட்டரைப் பார்த்தும் வையுங்கள்.

"நீ முன்னாடி போ மாப்ள, நான் மினி பஸ்ல வந்துர்றேன்." குடித்திருப்பவனின் பின்னால் உட்கார மறுப்பதற்கு. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயில் வைத்தால் சாவியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் உங்கள் வாக்கு ஒன்று வேண்டும். எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து, என்ன நிலையில் போன் வந்தாலும் போய் அழைத்து வருவீர்கள், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டீர்கள். கேள்வி மறுநாள் காலை சாப்பாட்டுக்குப் பிறகு. அப்பாவைவிட மாமாவிடம் பேச எளிதாக இருக்குமென்றால், அந்த வேலையை மாமாவுக்கே ஒப்படையுங்கள்.

போன் பற்றி ஒரே ஒரு விதி: வண்டி ஓடும்போது அது பையில், சைலண்டில். ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே "எங்கடா இருக்க?" என்று மூன்று முறை கூப்பிடும் அம்மாவும் அந்த விபத்தில் பங்காளிதான். கிளம்பும் முன் ஒரு மெசேஜ், சேர்ந்ததும் ஒன்று, நடுவில் எதுவும் இல்லை.

லைசென்ஸுக்குப் பிறகு: படிப்படியாக

லைசென்ஸ் கையில் வந்த அன்றே வேதாரண்யம் வரை போய்வரச் சொல்லாதீர்கள். முதல் மாதம் பகலில், உள்ளூரில், தனியாக. இரண்டாம் மாதம் கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களின் கடைவீதி. மூன்றாம் மாதம் நெடுஞ்சாலை, முதல் நான்கைந்து முறை நீங்கள் பின்னால் உட்கார்ந்து. தஞ்சாவூர் - நாகப்பட்டினம் ரோட்டிலும் விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் ரோட்டிலும் கிராமச் சாலைகள் வந்து சேரும் இடங்களில் எதிர்த்திசையில் வருபவர்களை எதிர்பார்க்கக் கற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரவு, அதற்குப் பிறகு மழை. பின்சீட்டில் உங்களைத் தவிர வேறு ஆள் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி, குறைந்தது ஆறு மாதம் கழித்து. அக்டோபரில் லைசென்ஸ் வாங்கினால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் இந்த அட்டவணை தள்ளிப்போகும். அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் தண்டனை போலத் தெரியும்.

முதல் கீறல்

என்றாவது ஒரு நாள் ஃபுட்ரெஸ்ட் வளைந்து, இண்டிகேட்டர் உடைந்து வண்டி வீட்டுக்கு வரும். அன்று நீங்கள் கத்தினால் அடுத்த விபத்து உங்களுக்குத் தெரியாமல் மறைக்கப்படும். முதலில் உடம்பைப் பாருங்கள்: தலை அடிபட்டதா, வாந்தி, மயக்கம், தலைவலி உண்டா. ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. வேறு யாருக்கும் அடிபட்டதா, அவர்களை விட்டுவிட்டு வந்தானா என்று கேளுங்கள். வேறு யாருடைய விபத்தையோ பார்த்து 108-க்கு அழைத்து உதவுபவருக்குத் தொல்லை வராமல் காக்கச் சட்டத்தில் 134ஏ பிரிவே இருக்கிறது, தன் வண்டியால் ஒருவர் அடிபட்டால் உதவுவது ஓட்டியவனின் கடமை, ஆகவே எதிலும் பயந்து ஓடக் கூடாது என்பதை இதற்கு முன்பே அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அடிபட்டவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக் கூடாது, மூச்சு தடைப்பட்டால் ஒழிய.

பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில்: எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய், என்ன வேகம், எந்த இடத்தில் பிரேக்கைத் தொட்டாய். மறுநாள் அதே இடத்துக்கு இருவரும் போய் நின்று பாருங்கள். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு முன் ஃபோர்க் நேராக இருக்கிறதா, லீவர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுத்தால் ஓட்ட விடாதீர்கள். தரையில் மோதிய ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு அமுங்கியிருக்கும். அதைத் தம்பிக்கு என்று எடுத்து வைக்காமல் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.